லோஷன் கேஸ் தீர்ப்பும் ஏழாம் நம்பர் கேனும்

அன்பில் என்றும் குறையாத என் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நீயும் உன் மகளும் மருமகனும் பேத்தியும் உடல்நலத்தோடும் மனநலத்தோடும் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். என் முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேரவில்லை, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இடம் இல்லாவிட்டால் விட்டுவிடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். நடுவில் நீ பேசினால் எனக்கு வரிசை தப்பும், வரிசை தப்பினால் சொல்ல வந்தது ஒன்று, சொல்லி முடித்தது ஒன்று என்று ஆகிவிடும். முப்பத்தோரு வருடமாக ஆஸ்பத்திரி ஸ்டோரில் பஞ்சு, ஊசி, மாத்திரை, லோஷன் என்று வரிசையாக அடுக்கியே பழகியவன் நான். எதையும் மேல் தட்டிலிருந்துதான் எனக்கு எடுக்க வரும்.

மேல் தட்டில் தீர்ப்பு. போன செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வாசித்தார்கள். காய்ச்சல் மாத்திரை விஷயத்தில் கம்பெனி குற்றவாளி. லோஷன் விஷயத்தில் கம்பெனி மேல் குற்றம் இல்லை. நமக்கு மாத்திரையா முக்கியம்? புண் கழுவுகிற லோஷன்தான் முக்கியம். ஆகவே இந்தத் தீர்ப்பால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உன் வார்டில் ஆறு பேருக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்ததற்கு லோஷன் காரணம் இல்லை என்று ஆகிவிட்டது. வேறு யார் காரணம் என்று தீர்ப்பில் எழுதவில்லை. எழுதவில்லையே தவிர, படிக்கிற எவனுக்கும் அந்த வார்டின் தலைமை நர்ஸ் யார் என்றுதான் அடுத்துக் கேட்கத் தோன்றும். அதனால் நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதைக் கடைசித் தட்டில் வைத்திருக்கிறேன். பதறாமல் படித்துக்கொண்டே வா.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசைக்காக எழுதுகிறேன். பதினாலு மாதத்துக்கு முன்னால் உன் வார்டில் வரிசையாக ஆறு பேருக்குப் புண் ஆறாமல் போனதும், நீதான் முதலில் போய்ப் பெரிய டாக்டரிடம் "லோஷன் மேல சந்தேகமா இருக்கு டாக்டர்" என்று சொன்னாய். அவர் மருந்து இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினார். வந்தது ஒரு சின்னப் பெண், பார்த்தால் கல்லூரிக்குப் போகிற பெண் மாதிரி இருந்தாள், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் பிசாசு. உன் வார்டில் பாதி தீர்ந்த கேனிலிருந்து ஒரு சாம்பிள், என் ஸ்டோரில் திறக்காத ஏழாம் நம்பர் கேனிலிருந்து ஒரு சாம்பிள், அதே கம்பெனியின் காய்ச்சல் மாத்திரை ஒரு பெட்டி என்று எடுத்து, ஒவ்வொன்றையும் பங்கு போட்டு, அரக்கை உருக்கி முத்திரை வைத்து, லேபுக்கு ஒன்று, கோர்ட்டுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று அனுப்பினாள். அரக்கு என் மேஜையில் ஒரு சொட்டு விழுந்தது. அதை எடுக்க நான் செய்யாத வேலை இல்லை, இன்னும் போகவில்லை. ஸ்டோரில் மீதி இருந்த கேன்களைக் கம்பெனிக்காரர்கள் மறுநாளே வண்டி வைத்து, மாற்றித் தருகிறோம் என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இவ்வளவு சுறுசுறுப்பை நான் அவர்களிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வார்டு சாம்பிள் முக்கால்வாசி தண்ணீர், மீதி நிறமும் மணமும் என்று ரிப்போர்ட் வந்தது. கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். நீயும் நிம்மதியாக ஒரு மாதம் தூங்கினாய்.

ஸ்டோர் சாம்பிள் ரிப்போர்ட் மட்டும் வந்தபாடில்லை. ஏன் என்று விசாரித்தால், லோஷன் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க முதலில் கிருமி வேண்டுமாம். அதை லேபில் ஒரு சூட்டுப் பெட்டியில் வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்க்கிறார்கள். பெட்டி பழுதாகி, மூன்று நாள் தொடர்ந்து லீவு விட்டதில் யாரும் எட்டிப் பார்க்காமல், வளர்த்த கிருமியெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. லோஷனே படாமல் செத்துப்போன கிருமி அந்த லேபில்தான் இருந்திருக்கும். மறுபடியும் கிருமி வரவழைக்க ஒரு விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துப் போடுகிறவருக்கோ காய்ச்சல், அவர் எந்தக் கம்பெனி மாத்திரை சாப்பிட்டாரோ தெரியவில்லை, காய்ச்சல் மூன்று வாரம் இறங்கவில்லை. எல்லாம் முடிந்து ஏழு மாதத்துக்கு முன்னால் ரிப்போர்ட் வந்தது. ஸ்டோர் கேன் பாஸ். கம்பெனி வக்கீல் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, "எங்கள் வாசலைத் தாண்டி வந்தது நல்ல லோஷன். வார்டுக்குள் போன பிறகுதான் அது தண்ணீராகியிருக்கிறது" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு உன்னை சஸ்பெண்ட் செய்த உத்தரவு வந்தது. அதற்கு அடுத்த வாரம் நீ மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். போனது சரிதான், இங்கே இருந்திருந்தால் கடைவீதியில் நாலு பேர் நாலு விதமாகப் பார்த்திருப்பார்கள்.

நீ போன பிறகு கோர்ட்டில் நடந்த கூத்தைக் கேள். மாத்திரை பதினைந்து நிமிடத்தில் தண்ணீரில் கரைய வேண்டும் என்பது விதி. அதை நேரிலேயே காட்டுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் பெண் ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மாத்திரையைப் போட்டு, நீதிபதி அம்மாவின் மேஜையில் வைத்தாள். பதினைந்து நிமிடம் ஆனது, அரை மணி ஆனது, மாத்திரை அப்படியே கிடந்தது. நடுவில் வேறு ஒரு வழக்கை எடுத்தார்கள், ஏதோ சுவர்த் தகராறு, இரண்டு தரப்பும் கத்தின கத்தலில் அந்த அம்மாவுக்குத் தலைவலி வந்து, கை தானாக நீண்டு, டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். அடியில் ஒரு வாய்த் தண்ணீர், அதில் மாத்திரை. அந்த அம்மாவும் டம்ளரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "சாதாரணத் தண்ணி மாதிரிதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான், கம்பெனி வக்கீல் துள்ளிக் குதித்து எழுந்தார். "நீதிபதியே சாட்சியத்தைக் குடித்துவிட்டு ருசி சொல்கிறார், ஆகவே அவர் இப்போது சாட்சி, சாட்சியே தீர்ப்புச் சொல்ல முடியாது" என்று மனு போட்டார். இரண்டு மாதம் வாய்தா. வழக்கு வேறு நீதிபதிக்குப் போனது. டம்ளரையும் மூடி முத்திரை வைத்து அனுப்பினார்கள். புது நீதிபதி திறந்து பார்த்தால் மாத்திரை மேல் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை. மாத்திரையில் கம்பெனி மாட்டியது இப்படித்தான். புது நீதிபதி அன்றிலிருந்து மேஜையில் தண்ணீரே வைப்பதில்லை, தாகம் எடுத்தால் உள்ளே எழுந்து போய்க் குடித்துவிட்டு வருகிறார்.

அப்புறம் என் சாட்சியம். நான் இஸ்திரி போட்ட சட்டையில்தான் போனேன், உன் அண்ணி பொத்தான் எல்லாம் சரிபார்த்து அனுப்பினாள். கம்பெனி வக்கீல், "ஏழாம் நம்பர் கேனில் இருக்கிற நம்பர் உங்கள் கையெழுத்துதானே?" என்றார். "ஆமாம் ஐயா, என் ஸ்டோரில் நம்பர் இல்லாத பொருள் நான் ஒருத்தன்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. "இன்ஸ்பெக்டர் எடுக்கும்போது மூடியில் கம்பெனி ஸ்டிக்கர் கிழியாமல் இருந்ததா?" இருந்தது. "சுருக்கம்?" இல்லை. "கறை?" இல்லை. உடனே அந்த மூடியின் போட்டோவை இந்தப் பெரிசுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். ஸ்டிக்கர் நாலு பக்கமும் ஒரே அளவில், நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. "இவ்வளவு சுத்தமாகப் பராமரிக்கிற ஸ்டோரை என் அனுபவத்தில் பார்த்ததில்லை" என்றார், நீதிபதியும் தலையை ஆட்டினார். முப்பத்தோரு வருடத்தில் என் ஸ்டோரை ஒரு ஆள் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொன்னது எதிர்க்கட்சி வக்கீல். அன்றைக்கு எனக்கு வியர்த்து ஊற்றியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அங்கே மின்விசிறி சரியாக ஓடுவதில்லை.

அடுத்து அரசு வக்கீல் என்னைக் கேள்வி கேட்க எழுந்தார். அவருக்கு ஒரு இருமல் இருக்கிறது தெரியுமா, உட்கார்ந்திருந்தால் வராது, எழுந்தால் வரும். எழுந்தார், இருமினார், கண்ணில் தண்ணீர் வர இருமினார், மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார், கடைசியில் கேள்வி இல்லை என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததை நான் எப்படிச் சொல்ல முடியும்? கூண்டில் நின்றுகொண்டு கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னால் அது சாட்சியமா? என்ன சொல்லியிருப்பேன் என்று நீ கேட்காதே, பொதுவாகத்தான் எழுதினேன். கூண்டிலிருந்து இறங்கும்போது படி தெரியாமல் கால் மடங்கியது. முழங்கால் விஷயம் அதுதான்.

அந்த ஆறு பேரில் ஒருவரான உன் வார்டு டெய்லரும் சாட்சி சொன்னார். வலது கை ஆள்காட்டி விரலில் நுனி எடுத்தார்களே, அவர்தான். விரலைக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். கம்பெனி வக்கீல், "உங்கள் புண்ணை நர்ஸ் சரியாகக் கழுவவில்லை, அதுதானே உண்மை?" என்று கேட்டார். அவர், "ஐயா, அந்தம்மா காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், நான் வலிக்குதுன்னு கத்தக் கத்தக் கழுவி விட்டாங்க. என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு பொறுமையாப் பார்த்துக்கிட்டதில்லை" என்றார். அவர் பொண்டாட்டி பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் டெய்லர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நர்சம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க சார். நடுவிரலை வெச்சுத் துணி பிடிக்கப் பழகிட்டேன்னு சொல்லுங்க. பட்டன்தான் இன்னும் வரமாட்டேங்குது" என்றார். சொல்லிவிட்டேன்.

தீர்ப்பு அன்றைக்குக் கம்பெனி முதலாளி வந்திருந்தார். மாத்திரைக்கு மேல்முறையீடு செய்யப் போகிறாராம், லோஷனுக்குச் சந்தோஷப்படப் போகிறாராம், இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் தாவி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களை மாதிரி ஒரு ஸ்டோர் கீப்பர் எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருந்தா எங்களுக்குக் கவலையே இல்லை சார்" என்றார். குலுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்துக் கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டார். பாட்டிலைப் பார்த்தேன். வேற கம்பெனி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசியதைப் போனில் பாதி சொன்னேன், நீ நடுவில் பேசிவிட்டாய். அவர் நல்ல மனிதர், உன் மேல் மரியாதை உள்ளவர், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். "கவனக்குறைவால் லோஷனில் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று ஒரே ஒரு தாளில் எழுதி நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது, சஸ்பென்ஷனை எடுத்துவிடுவாராம். வார்டுக்குத் திரும்ப முடியாது, வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற அறையில் போடுவார்களாம். அது மோசமில்லை, அங்கே ஜன்னல் இருக்கிறது, உட்கார்ந்தே வேலை. வரும் திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம், இல்லாவிட்டால் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள். எல்லாம் யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன், நீ போட்டுவிடு. ஒரு கையெழுத்துதானே? முப்பத்தோரு வருடத்தில் நான் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பேன், பாதிக்கு மேல் எதற்குப் போட்டேன் என்றே எனக்குத் தெரியாது. போன வாரம் போனில், "செய்யாததுக்கு எப்படிண்ணா கையெழுத்துப் போடுவேன்?" என்று கேட்டாய். இதற்குப் பதில் என்னிடம் இருந்தது, இப்போது ஞாபகம் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்டாய். ஸ்டோர் கேன் மட்டும் எப்படி பாஸ் ஆனது என்று. அதே கம்பெனி, அதே லாரி, அதே நாள், ஒன்று தண்ணீர், ஒன்று லோஷனா என்று. ஏன், நாற்பது கேனில் ஒரு கேன் நல்லா இருக்கக்கூடாதா? அந்தக் கம்பெனிக்காரன் என்னிக்காவது தவறிப்போய் ஒரு கேனை ஒழுங்காச் செஞ்சிருக்கக்கூடாதா? மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். இதையே நினைச்சு நினைச்சு நீ உடம்பைக் கெடுத்துக்காதே. விட்டுத் தள்ளு. எழுதறதை எழுதி, போடறதைப் போட்டு, வேலைக்கு வந்து சேர். எனக்கும் இன்னும் நாலு மாசத்துல ரிட்டயர்மென்ட், அதுக்கப்புறம் நிம்மதியா இருக்கலாம், நீயும் நானும் எல்லாரும்.

உன் மருமகனுக்கு என் வணக்கம். உன் மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம், அந்தக் குட்டி கீழே கிடப்பதை வாயில் போடுகிறாளாமே, அந்த ஊர்க் கிருமியாவது ஒழுங்காக நடந்துகொள்ளட்டும். உனக்கு எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புள்ள அண்ணன்.

பின்குறிப்பு: மேலே சொன்னது எதையும் செய்யாதே. கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் கிழித்துப் போடு.

நடந்தது என்னன்னா, வழக்கம்போல கடைசியில ரெண்டு வரி எழுதறியான்னு கடிதத்தை உன் அண்ணிகிட்ட நீட்டினேன். அவ ரெண்டு வரி எழுதறதுக்கு முன்னால எட்டுப் பக்கத்தையும் படிச்சுட்டா. படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டி, "ஆறு பேர் புண்ணுக்கு ரெண்டு வரி எழுதியிருக்கீங்க. ஒரு கேன் மூடிக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கீங்க. அந்த மூடியில அப்படி என்னங்க இருக்கு?"ன்னு கேட்டா. அரசு வக்கீலுக்குக் கேக்க வராத கேள்வி. எனக்கு இருமல்கூட வரலை, தப்பிக்க வழியில்லை, சொல்லிட்டேன். உனக்கும் சொல்றேன்.

இந்தக் கேஸ்ல இருக்கற புதுக் கம்பெனி கேன் நாற்பது வந்து இறங்கினப்போ, அதுல ஒண்ணு மூடி லூசாகி வழியிலேயே கொட்டிப்போச்சு. ஒரு டம்ளர்தான் மிச்சம். அதுதான் ஏழாம் நம்பர். அதே நேரத்துல, அதுவரைக்கும் நமக்கு சப்ளை பண்ணின பழைய கம்பெனி லோஷன் ஒரு கேன், கணக்குல இல்லாம கூடுதலா அலமாரியில நின்னுச்சு. மறுநாள் தணிக்கை. ஸ்டோர்காரனுக்குச் சாமான் குறைஞ்சா பயமில்லை, உடைஞ்சுபோச்சுன்னு எழுதலாம். கூடினாத்தான் பயம். எங்கேயிருந்து வந்துச்சு, யாருக்குக் கொடுக்காம பதுக்கினேன்னு நோண்டி எடுப்பாங்க. ஒரு பக்கம் காலி கேன், ஒரு பக்கம் கூடுதல் கேன். அதை எடுத்து இதுல ஊத்தினேன், ரெண்டு தொல்லையும் ஒரே நிமிஷத்துல தீர்ந்துச்சு. ஸ்டிக்கரை ஆவி காட்டி உரிச்சு, காயவெச்சு, பசை தடவி, ஸ்கேல் வெச்சு அளந்து ஒட்டினேன். அன்னிக்கு எனக்கு என் மேலேயே பெருமை தாங்கலை. கோர்ட்டு நல்ல லோஷன்னு சர்டிபிகேட் கொடுத்தது பழைய கம்பெனி லோஷனுக்கு. அந்த முதலாளி வந்து என் கையைக் குலுக்கிட்டுப் போறான்.

இன்ஸ்பெக்டர் பொண்ணு முன்வரிசையில இருந்த அந்தக் கேன்ல கை வெச்சப்பவே எனக்கு மனசுல சுருக்குன்னுச்சு. நல்லதைத்தானே ஊத்தியிருக்கோம், யாருக்கு என்ன நஷ்டம்னு வாயை மூடிக்கிட்டேன். அது பாஸானா உன் தலையில வந்து விழும்னு தோணலை, சத்தியமாத் தோணலை. விழுந்தப்புறம் தோணுச்சு. சீல் வெச்ச மருந்தைத் திறந்து கலந்ததுக்கு என் வேலை போகும், பென்ஷன் போகும்னு அதுவும் சேர்ந்து தோணுச்சு. நான் கோழை தங்கச்சி. வேற ஒண்ணும் இல்லை.

எல்லாத்தையும் கேட்டுட்டு உன் அண்ணி கத்துவான்னு பார்த்தேன். கத்தலை. கையில மடிச்சிக்கிட்டிருந்த துணியைக் கீழே வெச்சுட்டு, "சட்டையைப் போடுங்க"ன்னா. பஸ் ஏத்தி அரசு வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா. அரசு வக்கீல் நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்தார், இருமல் வரலை. இன்ஸ்பெக்டர் பொண்ணை வரவழைச்சார். அவ மேஜையில ஒரு அடி அடிச்சா, "ஏழு மாசமா என் மண்டையைக் குடைஞ்சுது சார்! அந்த ஸ்டோர் கேன் ரிப்போர்ட்ல இருந்த ஒரு சரக்கு, இந்தக் கம்பெனி வாங்கறதே கிடையாது. லேப்ல ஏதோ மாத்தி எழுதிட்டாங்கன்னு நினைச்சேன்"னா. அது பழைய கம்பெனி லோஷன்ல போடற சரக்காம். லோஷன் தீர்ப்புக்கு மேல்முறையீடு போடப் போறாங்க, என் வாக்குமூலம்தான் முதல் காகிதம். மூணு பக்கம், ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடிச்சுட்டு அந்தப் பொண்ணு, "இதை ஏன் சார் அன்னிக்கே சொல்லலை?"ன்னு கேட்டா. என் பொண்ணு வயசு இருக்கும். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

அங்கிருந்து நேரா பெரிய டாக்டர்கிட்ட போனோம். அவர், "தண்ணி ஊத்தினது யாருன்னு ஏழு மாசமாத் தேடறோம், நீர் என்னடான்னா மருந்தை ஊத்தியிருக்கீர்"னார். என் மேல விசாரணை உண்டு, அது முடியற வரைக்கும் பென்ஷன் நிக்கும். பென்ஷன் நின்னா நாத்தனார் சம்பளத்துல சாப்பிட்டுக்கலாம்கிறா உன் அண்ணி. உன் சஸ்பென்ஷனை எடுக்கற உத்தரவு திங்கட்கிழமை வரும். சீட்டு எழுதற அறை இல்லை, உன் வார்டுக்கே போறே.

இந்தக் கடிதத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதறேன்னு சொன்னேன். அண்ணி விடலை, "அப்படியே போகட்டும், உங்க தங்கச்சி எல்லாத்தையும் படிக்கட்டும்"னு சொல்லிட்டா. அதனால படி. கோர்ட்டு, லேபு, முழங்கால், ஜன்னல் வெச்ச ரூம்னு எட்டுப் பக்கம் எழுதியிருக்கேன். நீ தண்ணி கலக்கலைன்னு மட்டும் ஒரு இடத்துலகூட நான் எழுதலை. எனக்குத் தெரியும் தங்கச்சி. ஏழு மாசமாத் தெரியும். நீ கலக்கலை.